எர் சென் தாங்: வெள்ளைக் கோழைக்கான சீனக் கஷாயம், பொருள் தேர்விலிருந்து கடைசி மிடறு வரை

சளிக்கென்று சீன மருத்துவத்தில் எத்தனையோ கஷாயங்கள் உண்டு. அவற்றில் பலவற்றைப் பிரித்துப் பார்த்தால் நடுவில் இதே நான்கு பொருட்கள் இருக்கும்: பான் சியா கிழங்கு, உலர்ந்த ஆரஞ்சுத் தோல், ஃபூ லிங் காளான், அதிமதுரம். இந்த நான்கும் சேர்ந்த அடிப்படைக் கஷாயம்தான் எர் சென் தாங். சோங் அரச வம்சத்தின் அரசு மருந்தகம் தொகுத்த 'தைப்பிங் ஹுய்மின் ஹெஜி ஜூ ஃபாங்' என்ற 12ஆம் நூற்றாண்டு மருந்து நூலில் இதன் செய்முறை இருக்கிறது. இன்றும் சீனாவில் கஷாயமாகவும் மாத்திரையாகவும், ஜப்பானில் 'நிச்சின்தோ' என்ற பெயரில் சாறுத்தூளாகவும் புழங்குகிறது.

பொருள் நான்குதான் என்பதால் இதை எளிய மருந்து என்று நினைத்துவிடக் கூடாது. இந்தக் கஷாயம் வேலை செய்யாமல் போவதற்கும் தொல்லை தருவதற்கும் பெரும்பாலும் இரண்டே காரணங்கள். ஒன்று, பொருந்தாத சளிக்குக் கொடுப்பது. மற்றொன்று, சரியாகப் பதப்படுத்தாத பான் சியாவை வாங்குவது. இந்த இரண்டையும் கவனித்துவிட்டால் காய்ச்சுவது பெரிய வேலையே இல்லை.

முதல் வேலை: சளியைப் பார்ப்பது

சீன மருத்துவக் கணக்கில் கோழை உருவாகும் இடம் நுரையீரல் அல்ல, செரிமானம். செரிமானம் மந்தமாகி, உடலில் தங்கும் ஈரம் கோழையாகத் திரண்டு, நுரையீரலில் போய்ச் சேருகிறது என்பது அவர்கள் கொள்கை. 'ஈரக் கோழை' என்று அவர்கள் சொல்லும் நிலைக்குத்தான் எர் சென் தாங். அதன் அடையாளங்கள் இவை: கோழை நிறைய வரும், வெள்ளையாக இருக்கும், லேசாக இருமினாலே வெளியே வந்துவிடும். காலையிலும் சாப்பிட்ட பிறகும் அதிகமாக இருக்கும். நெஞ்சும் மேல்வயிறும் அடைத்த மாதிரி இருக்கும். குமட்டல், பசியின்மை, கை கால் கனம், சிலருக்குத் தலைசுற்றல் அல்லது படபடப்பும் கூட வரும்.

நாக்கைப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். காலையில் எழுந்ததும், பல் துலக்குவதற்கும் காபி குடிப்பதற்கும் முன்பு, ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். குழல்விளக்கு வெளிச்சத்தில் நாக்கில் படிந்திருக்கும் படிவத்தின் நிறம் மாறித் தெரியும். நாக்கின் மேல், குறிப்பாக நடுவிலும் பின்பகுதியிலும், வெள்ளையாக, ஈரமாக, எண்ணெய்ப் பசை போன்ற கனமான படிவம் இருந்தால் கஷாயம் பொருந்தும். படிவம் மஞ்சளாக இருந்தால் சூடு சேர்ந்திருக்கிறது, இதை மட்டும் கொடுத்தால் போதாது. நாக்கு சிவந்து, படிவமே இல்லாமல், வறண்டு வெடித்திருந்தால் இந்தக் கஷாயத்தின் பக்கமே போகக் கூடாது. பான் சியாவும் ஆரஞ்சுத் தோலும் உடலை உலர்த்துபவை. ஏற்கெனவே வறண்டிருக்கும் உடலை அவை மேலும் வறட்டினால், கொஞ்சமாக இருந்த கோழை பிசினாகி ஒட்டிக்கொள்ளும், இருமல் கூடும்.

கோழையில் இரத்தம் வந்தாலோ, காய்ச்சல், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, இரவு வியர்வை, எடை குறைவு இருந்தாலோ கஷாயத்தைப் பற்றி யோசிக்காமல் மருத்துவரிடம் போங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்கு முதலில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை. அந்த முடிவு கையில் வரும்வரை எந்தக் கஷாயமும் தொடங்க வேண்டாம்.

பான் சியா: முழுக் கவனமும் இங்கே

பான் சியா என்பது பினெல்லியா தெர்னாட்டா என்ற செடியின் சின்னக் கிழங்கு. நம்முடைய சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கு எல்லாம் சேர்ந்த அதே தாவரக் குடும்பம். காறும் கருணையைச் சரியாக வேகவைக்காமல் சாப்பிட்டால் நாக்கும் தொண்டையும் எப்படி அரிக்கும் என்று தெரியுமல்லவா? அதே வகை கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் இதிலும் இருக்கின்றன, இன்னும் கடுமையாக. பச்சைக் கிழங்கைக் கடித்தால் வாய் மரத்து, தொண்டை வீங்கி, குரல் அடைத்துவிடும். கடுமையானால் மூச்சுக்கே ஆபத்து. பச்சைப் பான் சியாவைச் சீன அரசு 1988இல் நச்சு மருந்துப் பட்டியலில் சேர்த்துக் கட்டுப்படுத்தியது.

அதனால் கடையில் கேட்கும்போது வெறுமனே 'பான் சியா' என்று கேட்காதீர்கள். பதப்படுத்திய வகையின் பெயரைச் சொல்லுங்கள்.

'சிங் பான் சியா' படிகாரக் கரைசலில் ஊறவைத்தது. 'ஜியாங் பான் சியா' இஞ்சிச் சாறும் படிகாரமும் சேர்த்து வேகவைத்தது. 100 கிலோ கிழங்குக்கு 25 கிலோ இஞ்சி, 12.5 கிலோ படிகாரம் என்பது சீன அரசின் மருந்துத்தர நூல் சொல்லும் கணக்கு. குமட்டலும் வாந்தியும் முன்னால் நிற்கும்போது இது நல்லது. 'ஃபா பான் சியா' அதிமதுரக் கஷாயமும் சுண்ணாம்பு நீரும் கலந்ததில் ஊறியது. 100 கிலோவுக்கு 15 கிலோ அதிமதுரம், 10 கிலோ சுட்ட சுண்ணாம்பு. வெட்டிப் பார்த்தால் உள்ளே ஒரே சீராக மஞ்சள் நிறம் பரவும்வரை, நாக்கில் வைத்தால் மிக லேசான சுருக்கென்ற உணர்வு மட்டும் மிஞ்சும்வரை ஊறவைப்பார்கள். கோழைதான் முக்கியத் தொல்லை என்றால் ஃபா பான் சியா போதும்.

வாங்கும்போது ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள். ஃபா பான் சியா வெளியே இளமஞ்சளாகவும் உள்ளேயும் அதே மஞ்சளாகவும் இருக்க வேண்டும். நடுவில் வெள்ளை மாவாகத் தெரிந்தால் ஊறல் உள்ளே எட்டவில்லை, அந்த நடுப்பகுதி இன்னும் பச்சைதான். அதை வாங்காதீர்கள்.

கலப்படத்தில் அதிகம் வருவது 'ஷுய் பான் சியா' என்ற வேறொரு செடியின் கிழங்கு. உண்மையான பான் சியா உருண்டையாக, மேலே சின்னக் குழிவுடன், குழிவைச் சுற்றிப் புள்ளிப் புள்ளியாக வேர்த் தழும்புகளுடன் இருக்கும். ஷுய் பான் சியா முட்டை வடிவிலோ கூம்பாகவோ ஒரு பக்கம் கூராக இருக்கும். அது கோழையை ஓரளவு குறைத்தாலும் குமட்டலை அடக்காது. மலிவாகக் கிடைக்கிறது என்றால் முதலில் வடிவத்தைப் பாருங்கள். நறுக்கிய துண்டாக வாங்கினால் இந்தச் சோதனைக்கு வழியில்லை. எனவே முழுக் கிழங்காக வாங்கி, காய்ச்சும் முன் உரலில் ஒன்றிரண்டாக இடித்துக்கொள்வதே மேல்.

பதப்படுத்துவதை வீட்டில் முயலவே வேண்டாம். சோங் காலத்து நூல் 'வெந்நீரில் ஏழு முறை கழுவியது' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. அதைப் படித்துவிட்டுப் பச்சைக் கிழங்கை வாங்கிக் கழுவினால் விபரீதம்தான்.

சென் பி: பழையது, ஆனால் பூசணம் இல்லாதது

ஆரஞ்சுத் தோல் என்றால் சித்ரஸ் ரெட்டிகுலாட்டா இனத்தின் தோல். குவாங்தோங் மாநிலத்தின் ஜியாங்மென் நகரைச் சேர்ந்த சின்ஹுய் பகுதியில் விளைவதுதான் பேர்போனது. அங்கே பழத்தை மூன்று இதழாக விரியும்படி உரித்து, வெயிலில் காயவைத்து, மூன்று ஆண்டாவது வைத்திருந்த பிறகே சென் பி என்று விற்பார்கள். புதுத் தோலில் காரமான எண்ணெய் அதிகம், வயிற்றைக் குத்தும். ஆண்டாக ஆக அந்தக் காரம் இறங்கி மணம் மட்டும் ஆழமாகும்.

மூல நூல் கேட்பது சென் பி அல்ல, 'ஜூ ஹோங்'. அதாவது உள்வெள்ளையைச் சுரண்டி எடுத்துவிட்ட வெளித்தோல் மட்டும். அது உலர்த்தும் குணத்தில் கூடியது. இன்று பெரும்பாலோர் சென் பியையே போடுகிறார்கள். செரிமானமும் மந்தமாக இருப்பவர்களுக்கு அதுவே பொருத்தம்.

தோலை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். எண்ணெய்ப் புள்ளிகள் ஒளி ஊடுருவும்படி தெளிவாகத் தெரிய வேண்டும். தேநீரில் ஊறவைத்துச் சாயமேற்றி 'இருபது வருடத் தோல்' என்று விற்பதும் உண்டு. அதன் உட்புறம் சீரான கறுப்பாக இருக்கும், வெந்நீரில் போட்டதும் நிறம் குபீரென்று இறங்கும், மணத்தில் பழத்தின் வாசனை குறைவாகவும் கருகல் அதிகமாகவும் இருக்கும். வெண்மையாகவோ பச்சையாகவோ பூசணம் படிந்ததைத் துடைத்துவிட்டுப் பயன்படுத்தலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கமலா ஆரஞ்சும் அதே இனம்தான். வீட்டில் காயவைத்ததைப் போடலாமா? பூச்சிமருந்தும் மெழுகும் படாத பழமாக இருந்து, தோல் முறுகக் காய்ந்து, ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால் போடலாம். நேற்று உரித்ததைப் போட வேண்டாம்.

மற்றவை

ஃபூ லிங் பைன் மர வேரில் விளையும் காளான் கட்டி. யுன்னான் சரக்குக்கு மதிப்பு அதிகம். வெள்ளையாக, கெட்டியாக இருக்க வேண்டும், மென்றால் பல்லில் ஒட்ட வேண்டும். சின்னக் கட்டிகளாக விற்பதைவிட மெல்லிய சீவலே நல்லது. கட்டிக்குள் தண்ணீர் இறங்கவே நேரமாகும், அரை மணி கொதித்த பிறகும் நடுவில் காய்ந்தே இருப்பதைப் பார்க்கலாம்.

அதிமதுரம் நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பதே போதும். சீன மருந்துத்தர நூல் ஏற்கும் மூன்று இனங்களில் அதுவும் ஒன்று. ஆனால் இங்கே தேன் சேர்த்து வறுத்தது வேண்டும். 100 கிராம் சீவலுக்கு 25 கிராம் தேன். தேனைக் கொஞ்சம் வெந்நீரில் இளக்கி, சீவலில் பிசிறி, மூடி வைத்து முழுதும் உறிஞ்சவிடுங்கள். பிறகு மிகச் சிறு தீயில், அடர்மஞ்சளாகி, கையில் பிசுபிசுக்காமல் போகும்வரை கிளறுங்கள். தேன் நொடியில் கருகும் என்பதால் தீயைக் கூட்டவே கூடாது.

பச்சை இஞ்சி கஷாயத்தின் பகுதி, வாசனைக்குப் போடுவதல்ல. பான் சியாவின் மிச்சக் காறலை அடக்குவதும் குமட்டலை நிறுத்துவதும் அதன் வேலை. இஞ்சி இல்லையென்றால் அன்றைக்குக் காய்ச்ச வேண்டாம். கடைசியாக 'வூ மெய்' என்ற புகையூட்டிய புளிப்புப் பிளம் ஒன்று. மற்றவை எல்லாம் கலைத்து வெளியேற்றும்போது இது கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். இன்று பல மருத்துவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். குளிர், காய்ச்சலோடு புதிதாகச் சளி பிடித்திருக்கும்போது விடுவதுதான் சரி. நாள்பட்ட இருமலில் ஒன்று போடலாம்.

அளவு

மூல நூலின் கணக்கு: பான் சியா 5 லியாங், ஜூ ஹோங் 5 லியாங், ஃபூ லிங் 3 லியாங், வறுத்த அதிமதுரம் 1.5 லியாங். எல்லாவற்றையும் கரகரப்பாக இடித்துக் கலந்து, ஒரு வேளைக்கு 4 சியென் எடுத்து, இஞ்சி 7 வில்லை, பிளம் 1 சேர்த்து, ஒரு கிண்ணம் தண்ணீரைப் பத்தில் ஆறு பங்காகச் சுண்டவைத்து, சக்கையை நீக்கிச் சூடாகக் குடிக்க வேண்டும்.

ஒரு லியாங் என்பது 10 சியென், சோங் காலத்தில் சுமார் 40 கிராம். ஆக ஒரு வேளைக் கலவை ஏறக்குறைய 16 கிராம். அதில் பான் சியா 5.5, தோல் 5.5, ஃபூ லிங் 3.3, அதிமதுரம் 1.7 கிராம். இன்றைய சீனப் பாடநூல்கள் அதே விகிதத்தில் 15, 15, 9, 4.5 கிராம் என்று தருகின்றன. இது ஒரு நாள் முழுவதற்குமான அளவு. இதை ஒரு வேளைக்கு என்று எடுத்துக்கொண்டால் மூல நூலின் ஒரு வேளை அளவைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு குடித்ததாகிவிடும்.

15 கிராம் பான் சியா மருத்துவர் பார்த்து எழுத வேண்டிய அளவு. சீன மருந்துத்தர நூலின் வரம்பு 3 முதல் 9 கிராம்தான். அந்த வரம்புக்குள் நின்று, வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு:

- ஃபா பான் சியா 9 கிராம்
- சென் பி 9 கிராம்
- ஃபூ லிங் சீவல் 12 கிராம்
- தேனில் வறுத்த அதிமதுரம் 3 கிராம்
- பச்சை இஞ்சி, நாணயக் கனத்தில் 5 வில்லை
- வூ மெய் 1 (தேவையானால்)

சமையல் கரண்டியால் அளக்காதீர்கள். ஃபூ லிங் சீவல் ஒரு கைப்பிடி இருந்தாலும் எடை குறைவு, பான் சியா சில கிழங்கிலேயே எடை வந்துவிடும். கிராம் காட்டும் சின்ன மின் தராசு அவசியம். குழந்தைகளுக்கு இந்த அளவைப் பாதியாக்கி நீங்களே கொடுத்துவிடக் கூடாது, அவர்களுக்கு மருத்துவர்தான் அளவு சொல்ல வேண்டும்.

காய்ச்சும் முறை

பாத்திரம் மண்சட்டி, பீங்கான், அல்லது எவர்சில்வர். இரும்பு, அலுமினியம், செம்பு வேண்டாம். தோலிலும் பிளமிலும் உள்ள புளிப்பும் துவர்ப்பும் இவற்றோடு வினைபுரியும், கஷாயம் கறுத்து உலோகச் சுவை ஏறும்.

தூசி போக ஒரே ஒரு முறை, வேகமாக அலசுங்கள். சென் பியைத் தண்ணீரில் போட்டுத் தேய்த்துக் கழுவினால் மணம் அங்கேயே போய்விடும். இடித்த பான் சியா, தோல், ஃபூ லிங், அதிமதுரம் எல்லாவற்றையும் 600 மில்லி குளிர்ந்த நீரில் 30 நிமிடம் ஊறவையுங்கள். மருந்துக்கு மேல் இரண்டு விரல் உயரம் தண்ணீர் நிற்க வேண்டும். வெந்நீரில் ஊறவைக்கக் கூடாது. மேற்பரப்பு சட்டென்று இறுகி உள்ளே நீர் இறங்காது. ஃபூ லிங் மிதந்தால் கரண்டியால் அழுத்திவிடுங்கள்.

இஞ்சியையும் பிளமையும் சேர்த்து, ஊறிய அதே நீரோடு அடுப்பில் ஏற்றுங்கள். பெருந்தீயில் கொதி வந்ததும் சிறுதீக்கு இறக்கி, மூடியை லேசாகச் சாய்த்து மூடி, 25 முதல் 30 நிமிடம். கொதி வரும் அந்த நிமிடம் பக்கத்திலேயே நில்லுங்கள். அதிமதுரம் நுரை கட்டும், பாத்திரம் நிறைய இருந்தால் மேல் கஷாயம் முழுக்க அடுப்பில் வழிந்துவிடும். பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாமல் இருப்பதே தீர்வு. திறந்தே கொதிக்கவிட்டால் ஆரஞ்சுத் தோலின் எண்ணெய் ஆவியில் போகும். வீடெல்லாம் மணக்கிறது என்றால் சட்டியில் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது என்று பொருள்.

சுமார் 200 மில்லி ஆனதும் வடிகட்டுங்கள். மெல்லிய பருத்தித் துணியை இரண்டாக மடித்து வடிகட்டுவது முக்கியம். பான் சியாவின் நுண்துகள் கஷாயத்தில் தங்கினால் தொண்டை உறுத்தும். சக்கையில் 400 மில்லி வெந்நீர் ஊற்றி மறுபடி 20 நிமிடம் சிறுதீயில் காய்ச்சி, அதையும் 200 மில்லியாக வடித்து, இரண்டையும் கலந்துவிடுங்கள். முதல் வடி கனமாகவும் இரண்டாம் வடி நீர்த்தும் இருக்கும் என்பதால் கலக்காமல் காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று கொடுத்தால் அளவு ஏறுமாறாகும்.

அடிப்பிடித்துக் கருகினால் தண்ணீர் ஊற்றிச் சரிசெய்யப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். நன்றாக வந்த கஷாயம் இளம்பழுப்பாக, லேசான கலங்கலுடன், ஆரஞ்சு மணமும் இஞ்சிக் காரமும் முடிவில் ஒரு தித்திப்புமாக இருக்கும்.

குடிப்பது

காலையும் மாலையும் 200 மில்லி வீதம், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, இளஞ்சூடாக. குமட்டல் இருந்தால் ஒரே மூச்சில் குடிக்காமல் சிறிது சிறிதாகக் குடியுங்கள். மாலைப் பங்கைக் குளிர்பெட்டியில் வைத்துச் சூடாக்கலாம், மறுநாளுக்கு வைக்க வேண்டாம். இந்த நாட்களில் குளிர்பானம், ஐஸ்கிரீம், பால் இனிப்பு, எண்ணெயில் பொரித்தவை எல்லாம் வேண்டாம். ஈரத்தை உலர்த்த ஒரு பக்கம் மருந்து குடித்துக்கொண்டே மறுபக்கம் அதே ஈரத்தைச் சேர்ப்பதில் பயனில்லை.

பொருந்தினால் முதலில் குமட்டலும் நெஞ்சடைப்பும் குறையும், பிறகு கோழையின் அளவு குறையும், நாக்கின் படிவம் மெலிவது கடைசியில். ஐந்து முதல் ஏழு நாள் குடித்தும் மாற்றமே இல்லையென்றால் தொடராதீர்கள், கணிப்பு தவறு. வாய் உலர்ந்து, தாகம் எடுத்து, மலம் இறுகி, கோழை பிசினானால் உலர்த்தியது போதும் என்று அறிகுறி. நிறுத்துங்கள். குடித்ததும் நாக்கோ உதடோ மரத்தாலோ தொண்டை அரித்தாலோ பான் சியா சரியில்லை. மீதியைக் கொட்டிவிடுங்கள், வீக்கமோ மூச்சுச் சிரமமோ தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இரத்தக் கொதிப்பு, இதய, சிறுநீரகத் தொல்லை உள்ளவர்களுக்கு அதிமதுரமே சிக்கல். அது உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை இறக்கும், கால் வீங்கும், இரத்தக் கொதிப்பு ஏறும். நீர் பிரியக் கொடுக்கும் ஃப்யூரோசெமைட், இதயத்துக்கான டிகாக்ஸின், ஸ்டீராய்டு எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. கர்ப்பிணிகளும் அப்படியே. சீன மருத்துவத்தின் 'பதினெட்டுப் பகை' விதிப்படி பான் சியாவோடு ஃபூ ஜி போன்ற வத்சநாபி இன மருந்துகளைச் சேர்க்கக் கூடாது. வத்சநாபி சேரும் சித்த, ஆயுர்வேத மாத்திரைகள் எடுத்துக்கொண்டிருந்தால் இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம்.

கூட்டிக்குறைப்பது

கோழை மஞ்சளாகி நாக்கும் மஞ்சள் படிந்தால் ஹுவாங் சின், குவா லோ போன்ற குளிர்ச்சி மருந்துகள் சேர்ந்த வேறு கஷாயத்துக்குப் போக வேண்டும். மூங்கில் சீவலான ஜூ ருவும் ஜி ஷி எனும் கசப்பு ஆரஞ்சின் இளங்காயும் சேர்த்தால் வென் தான் தாங் ஆகும். கோழையோடு தூக்கமின்மையும் மனக் கலக்கமும் உள்ளவர்களுக்கு அதைக் கொடுப்பார்கள். குளிரில் கூடும் வெள்ளைக் கோழைக்குச் சுக்கு 3 கிராம் கூட்டலாம், அது வீட்டிலேயே செய்யக்கூடிய மாற்றம். மற்றவற்றைச் சீன மருத்துவர் நாடி பார்த்துச் செய்யட்டும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பவர்களுக்குப் பதிவு பெற்ற சீன மருத்துவரைப் பார்ப்பது எளிது, அங்கேயே பொருளையும் எடைபோட்டு வாங்கிக்கொள்ளலாம்.

காய்ச்ச முடியாதவர்களுக்கு எர் சென் வான் மாத்திரை இருக்கிறது. சென் பி 250, பான் சியா 250, ஃபூ லிங் 150, அதிமதுரம் 75 என்ற விகிதத்தில் பொடித்து, இஞ்சிச் சாற்றில் உருட்டியது, ஒரு வேளைக்கு 9 முதல் 15 கிராம், நாளுக்கு இரண்டு வேளை. கஷாயத்தைவிட மெதுவாக வேலை செய்யும். நாள்பட்ட, லேசான கோழைக்கு அதுவே வசதி.

கோழை நின்ற பிறகும் பசி எடுக்காமல், சாப்பிட்டதும் அசதியாக இருந்தால் எர் சென் தாங்கை நீட்டிக்கொண்டே போகக் கூடாது. ரென் ஷென் (ஜின்செங் வேர்), பை ஜூ என்ற கிழங்கு இரண்டும் கூடுதலாகச் சேர்ந்த லியு ஜுன் ஜி தாங் என்ற கஷாயத்துக்கு மாற வேண்டிய இடம் அது. அதிலும் இதே நான்கு பொருட்கள் உண்டு, ஆனால் எடை செரிமானத்தைத் தேற்றும் பக்கம் சாய்ந்திருக்கும். மாறாமல் விட்டால் அடுத்த மழைக்காலத்தில் அதே வெள்ளைக் கோழை திரும்ப வரும்.